வானம் தெரியற கூரை

ஓசூர் பஸ்ஸில் கண்ணயர்ந்திருந்த என்னை முன் சீட்டுப் பேச்சு எழுப்பிவிட்டது.

"கூரைன்னா ஓட்டை இருக்கணுமாம்க்கா" என்றாள், பெங்களூரில் ஒரு யூதர் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் பெண்.

பக்கத்திலிருந்தவள் சிரித்தாள். "எதுக்குடி?"

"அவங்க பண்டிகைக்குத் தோட்டத்துல குடிசை போடுவாங்க. உள்ளருந்து பாத்தா நட்சத்திரம் தெரியணும். பாப்பாவுக்கு ரெண்டு வயசுதான். பொம்மைக்குத் தழையில குடிசை கட்டி, விளையாட்டாவே சொல்லிக் குடுத்தேன். எங்க வூட்டுக்காரருக்குக் கூரை மேயறதுதான் தொழிலு. பண்டிகைக் குடிசைக்கு அவரைக் கூப்பிட்டா, மனுசன் பொட்டு வெளிச்சம் வராம மேஞ்சுட்டாரு."

"அப்புறம்?"

"பாப்பா அண்ணாந்து பாத்துட்டு, 'வானத்தைக் காணோம்'னு ஒரே அழுகை. மறுபடி ஏறி நாலு கீத்தைப் பிடுங்கினாரு. பாப்பா கை தட்டிச்சு."

"அவரு என்ன சொன்னாரு?"

"எறங்கி வந்து, 'யாரு மேஞ்சதுன்னு கேட்டா எம்பேரைச் சொல்லிடாதே'ன்னாரு."