அடுப்பு ஊதியவள்

நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், வந்த மாதம் அது. காஜா பேராங் நிறுத்தத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

“நான் அடுப்பு ஊதுறது பேப்பர்ல வந்திருக்குக்கா,” என்றாள் இளையவள்.

“என்ன புள்ள உளர்ற?”

“நெசமாக்கா. எங்க வீட்டுக்காரரு கவிதை எழுதுவாருல்ல? மத்தவங்கல்லாம் சுதந்திரத்தைப் பத்தி எழுதியிருக்காங்க. இவரு என்னைப் பத்தி எழுதிட்டாரு.”

“உன்னைப் பத்தி எழுத என்ன இருக்கு?”

“ஈர விறகுல கண்ணு எரிய எரிய ஊதுவேன்ல, அதைத்தான். எங்க வீட்டுல திங்கிற ஒவ்வொரு பருக்கையும் என் மூச்சுல வெந்ததாம். இன்னிக்குக் காலையில ஊதாங்குழலை முந்தானையில தொடச்சுட்டுத்தான் ஊதினேன்க்கா.”

ஜாலான் பெண்டஹாரா சாலையில் பஸ் திரும்பும்போது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மூத்தவள் தன் உள்ளங்கையில் மெல்ல ஊதிப் பார்த்தாள்.