பதினெட்டில் வைத்த அறை

முதலில் அந்தக் கதவைச் சாத்திவிடுங்கள், சேர். வெளியே மழை விடவில்லை. கதவு திறந்திருந்தால் ஈரம் உள்ளே வந்து குந்திவிடும். பிறகு அதைக் கிளப்ப ஒரு பகல் போய்விடும். ஆறுதலாக உட்காருங்கள். கொஞ்சம் குளிரும். பதினெட்டுப் பாகைக்கு மேலே இந்த அறையை நான் விடுவதில்லை.

பொலிஸில் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவரை அனுப்பச் சொன்னதற்குக் குறை நினைக்க வேண்டாம். கஹவத்தைப் பக்கத்தில் பிறந்தவனுக்குச் சிங்களம் ஒரு பிரச்சினையில்லை. ஆனால் நான் சொல்லப்போவதில் எங்கள் தோட்டத்துச் சாமி ரோதமுனி வருகிறார். அவரைப் பற்றிச் சிங்களத்தில் யாரோடும் பேசிப் பழக்கமில்லை.

றினாஸ் உங்களிடம் என்ன சொன்னாரோ தெரியாது. பெல்மதுளையில் கல் வியாபாரம் செய்கிற மனிதர். கல் வாங்க வருகிற வெளிநாட்டுக்காரருக்குச் சுருட்டும் பிடித்துக்கொடுப்பாராம். இந்த வீட்டு ஐயா செத்த பிறகு சாமான்களை அவருடைய மகள் விற்றுக்கொண்டிருக்கிறார். சுருட்டைப் பார்த்துவிட்டு வரும்படி அவர்தான் றினாஸை அனுப்பினார். றினாஸ் ஒரு பெட்டியைத் திறந்து, ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து உருட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார். பிறகு சிரித்தார்.

"கொழும்புல பெரிய பெரிய கடையெல்லாம் பாத்தீக்கேன். இப்பிடியொண்ணு பாக்கல்ல. கரண்டில்லாத வருசத்தில எங்கட வீட்டு ஃபிரிஜ்ஜில மீனே நாறிப் போச்சி. இது மட்டும் எப்பிடி அப்பு தப்பிச்சி?"

பகிடிக்குத்தான் கேட்டார். ஆனால் நியாயமான கேள்வி. ஐயாவின் சாவை எழுதிய டொக்டர் அதைக் கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை. இவர் கேட்டார், நான் சொன்னேன். சொல்லி முடித்தபோது கையிலிருந்ததைப் பெட்டியில் வைத்துவிட்டு, விரல்களைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார். ஊற்றிவைத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். ஆனால் சுருட்டைப் பற்றித் தெரியாமல் இது விளங்காது.

பார்த்தால் காய்ந்த இலை போலத்தான் இருக்கும். உள்ளே ஈரம் உண்டு. அது குறைந்தால் மேல் இலை வெடித்துப்போகும், இழுத்தால் தொண்டை எரியும். கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். இந்த ஈர மீட்டர் அறுபத்தைந்துக்கும் எழுபதுக்கும் நடுவில் நிற்க வேண்டும். வெளிநாட்டில் தண்ணீர் வைத்து ஈரத்தைக் கூட்டுவார்களாம். இங்கே கழற்றிப்போட்ட சப்பாத்துக்குள் காளான் முளைக்கிறது. குறைப்பதுதான் நமக்கு வேலை. சூடு அதைவிடப் பொல்லாதது. இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத வண்டு முட்டை இருக்கும். இருபத்தைந்து என்று ஏறிவிட்டால் பொரித்துவிடும். அப்புறம் ஊசி குத்தியதுபோலத் துளை துளையாக வரும். ஒரு பெட்டியில் வந்தது பக்கத்துப் பெட்டிக்கும் போகும். அதற்குத்தான் அந்த ஏசியும் ஈரம் உறிஞ்சுகிற மெஷினும். கதவைச் சுற்றி ஓடுகிற றப்பர்ப் பட்டி நான் வெட்டி ஒட்டியது. இப்படி வைத்த சுருட்டைப் பற்றவைத்தால் நடுவில் அணையாது. சாம்பல் வெள்ளையாகப் பிடித்துக்கொண்டு அடி வரைக்கும் ஒரே சீராக எரியும்.

இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. அம்மா மூக்காயி றப்பர்ப் பால் வெட்டினார். அப்பா புகைக்கூட்டில் றப்பர் ஷீட் காயவைத்தார். நெருப்பு கூடினால் ஷீட்டில் கொப்புளம், குறைந்தால் பூஞ்சணம், அதே கணக்குத்தான். அந்தப் புகையிலேயே அப்பாவின் நெஞ்சு போய்விட்டது. கடைசியில் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் சாக்கு விரித்துக் குப்புறப் படுத்து மூச்சு இழுத்தார். மூச்சு மெஷின் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. அதை மனதில் வைத்துத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அப்படி ஒன்றும் வைத்திருக்கவில்லை.

ஐயாவின் பெயர் இரத்தினசபாபதி. யாழ்ப்பாணத்துக்காரர். கிளாக்கராக வந்து தோட்டத்துக்கே துரையானவர். ஓய்வு எடுத்த பிறகு இந்தப் பழைய பங்களாவை வாங்கிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார். சமையல், துணி, சுருட்டு எல்லாவற்றையும் நான் பார்த்தேன். பங்களாவில் அந்த வேலை பார்க்கிறவனை அப்பு என்பார்கள். அது வேலையின் பெயர். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்புதான். வேலைக்கு வந்த நாளிலிருந்து ஐயா என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. என் பெயர் அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தி சாயும்போது அவருக்கு ஒரு சுருட்டு. நான்தான் இந்த அறையிலிருந்து எடுத்து, நுனி வெட்டி, வெளி விறாந்தைக்குக் கொண்டுபோவேன். அவர் சாய்மனைக் கதிரையில், நான் கீழே படியில். நல்ல சுருட்டு ஒன்று முடிய ஒரு மணித்தியாலம் போகும். அவ்வளவு நேரமும் பேசுவார். தோட்டக் கதை, செத்துப்போன மனைவியின் கதை, பிள்ளைகள் மீதான கோபம்.

"உனக்கு உந்தச் சுருட்டிலை இருக்கிற அக்கறை என்ரை பிள்ளையளுக்கு என்னிலை இல்லையடா அப்பு. என்ன நடந்தாலும் உந்த அறையை மட்டும் விட்டிடாதை."

"விடமாட்டேங்க ஐயா."

என் மனைவி குவைத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறொரு வாழ்க்கை பார்த்துக்கொண்டவள். பிள்ளை இல்லை. லயத்தில் எனக்கு இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக்கும் மண்ணுக்கும் போய்விட்டார்கள். நாள் முழுக்க நான் பேசுவது மீன்காரனோடு நாலு வார்த்தை. அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் மற்ற நேரமெல்லாம் இருந்தேன்.

பிறகு மூச்சு மெஷின் வந்தது.

ஐயாவின் நெஞ்சு பாதிதான் வேலை செய்கிறது என்றார்கள். மூக்கில் குழாய், பக்கத்தில் இராப்பகலாக உறுமுகிற பெட்டி. பார்த்துக்கொள்ள சுகந்தினி என்ற பிள்ளையை வைத்தார்கள். நிவித்திகலப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, தாதி வேலை படித்தது. கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் கூட.

"ஒட்சிசன் ஓடுற எடத்துல நெருப்புக் குச்சிகூடக் கிழிக்கக் கூடாது அண்ணே. வீடே பத்திக்கும். ஒங்க சுருட்டெல்லாம் இனி பொட்டிக்குள்ளயே தூங்கட்டும்."

"தூங்கட்டும்மா."

"அதுகளுக்கு ஏசி வேற. எனக்கு ஒரு காத்தாடிகூட இல்ல. அடுத்த பிறவியில சுருட்டாப் பொறக்கணும்."

நானும் சிரித்தேன். அதன் பிறகு விறாந்தைக்கு யாரும் வரவில்லை. ஐயாவின் அறைக் கதவு சாத்தியே இருந்தது. சாப்பாட்டைச் சுகந்தினி கதவடியில் வாங்கிக்கொள்வாள். நான் இந்த அறையைத் துடைத்தேன், பெட்டிகளைத் திருப்பி வைத்தேன், மீட்டரைப் பார்த்தேன். அந்தியானால் படியில் போய் உட்கார்ந்துகொள்வேன். வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்காருவது.

மகள் தக்‌ஷிகா கொழும்பிலிருந்து வந்தார். தகப்பனை அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்திருந்தார். பெற்றோல் கிடைத்ததும் கார் வரும். வீட்டை விற்கும்வரைக்கும் நான் காவலுக்கு இருக்கலாம், பிறகு லயத்தில் ஒரு காம்பரா கேட்டுத் தருவதாகச் சொன்னார். நல்ல மனுசி. நான் நன்றி சொன்னேன்.

அது கரண்டில்லாத காலம், உங்களுக்குத் தெரியும். வீட்டில் சின்ன ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. இழுத்தால் மூச்சு மெஷினை இழுக்கும், அல்லது இந்த அறையை இழுக்கும். இரண்டையும் சேர்த்து மாட்டினால் நின்றுவிடும். மூச்சு மெஷினை ஓட்டியபோதெல்லாம் நான் இங்கே தேங்காய் மட்டையளவு ஐஸ் கட்டிகளை வைத்துச் சமாளித்தேன். பிறகு பெல்மதுளையில் ஐஸும் இல்லாமல் போனது.

அன்றைக்கு மத்தியானம் சுகந்தினி மருந்து வாங்கப் புறப்பட்டாள். பஸ் ஓடவில்லை, எவனாவது லொறிக்காரன் ஏற்றினால்தான் உண்டு. போகும்போது சொன்னாள்: "கரண்டு போனா மொதல்ல மெஷினுக்குப் போடுங்க அண்ணே. மத்ததெல்லாம் அப்பறம்."

"சரிம்மா, நீ போய்ட்டு வா" என்றேன்.

அவள் வளைவு திரும்பியிருக்கமாட்டாள், கரண்டு போனது. மூச்சு மெஷின் கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. ஜெனரேட்டரை இழுத்துப் பற்றவைத்துவிட்டு இங்கே வந்து பார்த்தேன். காலையிலும் கரண்டு போயிருந்ததால் சூடு இறங்கியிருக்கவில்லை, இருபத்திமூன்று. கொஞ்ச நேரம் இந்த அறைக்குப் போடலாம், குளிர்ந்ததும் மாற்றிவிடலாம் என்று வயரை இங்கே மாட்டினேன். ஐயாவின் வார்த்தையும் அதுதானே, அறையை விட்டிடாதே என்பது. அந்தக் கத்தல் அவருக்குக் கரைச்சலாக இருக்கும் என்று மெஷினையும் நிறுத்தினேன்.

மெஷின் ஓடவில்லை என்றால் நெருப்பு வைக்கலாம். சுகந்தினி சொன்ன சட்டத்தின்படியே சொல்கிறேன். குழாயைக் கழற்றினேன், ஐயாவைச் சக்கர நாற்காலியில் வைத்து விறாந்தைக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. இருப்பதில் நல்லதாக ஒன்றை எடுத்து, வெட்டி, பற்றவைத்து உதட்டில் வைத்தேன். ஒரு தரம் இழுத்தார். இருமல் வந்துவிட்டது. பிறகு அதைச் சாம்பல் தட்டில் வைத்துவிட்டு வழக்கம்போலப் படியில் உட்கார்ந்தேன்.

இங்கேதான் ரோதமுனி. றப்பர் ஃபெக்டரியில் ரோலரின் பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் இருக்கும், அதுதான் முனி. ஆயுத பூசைக்குச் சாராயமும் சுருட்டும் படைப்போம். சுருட்டைப் பற்றவைத்துக் கல்லின் முன்னால் வைத்துவிட்டு எல்லோரும் காத்திருப்போம். அடி வரைக்கும் எரிந்தால் முனிக்குச் சம்மதம். நடுவில் அணைந்தால் சம்மதமில்லை. அன்றைக்குத் துரையே வந்து சொன்னாலும் எங்கள் ஆட்கள் ரோலரைத் தொடமாட்டார்கள்.

நான் சாம்பல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருட்டு அணைந்தால் எழும்பிப் போய் வயரை மாற்றுவது என்று முடிவு செய்திருந்தேன். அதைச் சத்தமாகவே ஐயாவிடம் சொன்னேன். அவர் கையைத் தூக்கி உள்ளே காட்டினார். அவருடைய அறையும் இந்த அறையும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள். அவர் இந்த அறையைத்தான் காட்டினார். சுருட்டைக் கவனி என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

சுருட்டு அணையவில்லை. சாரல் அடித்தும் அணையவில்லை. அடி வரைக்கும் எரிந்தது.

அன்றைக்கு முழுக்க நான்தான் பேசினேன். அம்மாவைப் பற்றி, குவைத்துக்குப் போனவளைப் பற்றி. அத்தனை வருடத்தில் அவருக்கு நான் சொன்ன முதல் கதை அது. அவர் உதடு நீலமாகி, தலை ஒரு பக்கம் சாய்ந்த பிறகும் கதையைப் பாதியில் விடாமல் முடித்தேன்.

பிறகு அவரைக் கட்டிலில் கிடத்தினேன். குழாயை மூக்கில் மாட்டினேன். வயரை மாற்றி மெஷினை ஓடவிட்டேன். சாம்பல் தட்டைக் கழுவினேன். சுகந்தினி நனைந்துகொண்டு வந்தபோது மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அவள் அழுதாள். தான் போயிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் நினைக்கிறாளாம். அவள்மேல் பிழையில்லை என்று அவளிடம் யாராவது சொல்லிவிடுங்கள். டொக்டர், நெஞ்சு தாங்கவில்லை என்று எழுதினார். தாங்கவில்லை என்பது உண்மைதான். மகள் என் கையைப் பிடித்து, "நீங்கள்தான் அப்பாவை வடிவாப் பார்த்தீங்கள்" என்றார்.

பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. இந்தப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள், ஒரு வண்டுத் துளை காட்ட முடியாது. இப்போதும் அந்தியானால் ஒன்றைப் பற்றவைத்துக் கதிரைக்குப் பக்கத்தில் வைக்கிறேன். நான் குடிப்பதில்லை. அது எரிந்து முடியும்வரைக்கும் படியில் உட்கார்ந்திருப்பேன். எதுவும் அணைவதில்லை. நன்றாக வைத்த சுருட்டு அணையாது என்றுதான் முதலிலேயே சொன்னேனே.

றினாஸிடம் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சுருட்டு பாதி எரிந்தபோது ஐயா கூப்பிட்டார். அப்பு என்று கூப்பிடவில்லை. "இந்திரகுமார்" என்றார். மூச்சு இல்லாததால் உடைந்து உடைந்து வந்தது, ஆனால் முழுப் பெயரும் வந்தது. அவருக்கு என் பெயர் தெரிந்திருக்கிறது, சேர். மெஷின், இந்திரகுமார் என்றார். பிறகு வெறும் பெயரை மட்டும் சொன்னார், திரும்பத் திரும்ப. வயர் நாலு எட்டுத் தூரத்தில்தான் இருந்தது. நான் எழும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிடுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.