மொளகா நனையுதுங்!

...சரி சரி, கை தட்டினது போதும். வர்ற வழியில அந்த பேனரைப் பார்த்தேன். "வீட்டைக் காத்த வீரனே"ன்னு போட்டு, நம்ம அடுத்த தெருத் தம்பியோட போட்டோ. இப்ப நீங்க கை தட்டினதும் அவர் பேருக்குத்தான். போன மாசம் அவர் வீட்டுக்குள்ள ஒருத்தன் புகுந்தான், தம்பி அடிச்சார், அவன் செத்துட்டான். தப்பா சரியான்னு தீர்ப்பு சொல்ல நான் வரல. அது கோர்ட்டு வேலை. நான் வெறும் ஒரு குட்டிக் கதை சொல்றேன்... கேட்டுட்டு, இன்னொரு தடவை கை தட்டறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

நான் வக்கீலாப் பதிவு பண்ணின புதுசு. சிங்காநல்லூர்ப் பக்கம் மில்லு லைன் வீட்டுல எங்கண்ணன் கூட இருந்தேன். லைன் வீடுன்னா இங்க எத்தனை பேருக்குத் தெரியும்? நீளமா ஒரே கூரை, வரிசையா வீடு, பின்னாடி எல்லாருக்கும் பொதுவா ஒரே முற்றம். பகல்ல பின்கதவை எவனும் தாழ்ப்பாள் போட மாட்டான். ஏன்? மழை வந்துருமில்ல!

சிரிக்காதீங்க, உண்மை. பாதிப் பேர் எப்பவும் ஷிப்ட்டுல இருப்பாங்க. தூறல் விழுந்ததும் எங்கிருந்தோ ஒரு குரல்... "மழேய்ய்!" அவ்வளவுதான். வீட்டுல இருக்கற அத்தனை பேரும் முற்றத்துக்கு ஓடுவாங்க. யார் துணி, யார் வடகம், யார் மொளகான்னு கேள்வியே கிடையாது. கையில கெடைச்சதை அள்ளி, பக்கத்துல எந்தக் கதவோ அதுக்குள்ள போட்டுட்டு அடுத்ததுக்கு ஓடுவாங்க. மழை விட்டப்புறம் பார்க்கணுமே! எங்கண்ணன் பனியன் நாலு வீடு தள்ளிக் கிடக்கும். எங்க கட்டில்ல யார் வீட்டுக் கொழந்தை கவுனோ கிடக்கும். அந்த மண் வாசனையும் மொளகா நெடியும் சேர்ந்து ஒண்ணு வருமே... இப்ப நினைச்சாலும் எனக்குத் தும்மல் வருது. கண்ணுலயும் தண்ணி வருது. அது மொளகாயால இல்லீங்க.

அந்த லைனுக்குத் திண்டுக்கல் பக்கமிருந்து சவரிமுத்துன்னு ஒருத்தர் புதுசாக் குடி வந்தார். நல்ல மனுஷன். ஆனா சிரிக்க மாட்டார். பழைய ஊர்ல அவர் வீட்டுக்குத் திருடன் வந்து, சம்சாரம் கழுத்துல இருந்த தாலிச் செயினை அறுத்துட்டுப் போயிருக்கான். இவர் முழிச்சுத்தான் இருந்தார். பயத்துல... தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கிட்டார். அந்தம்மா அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்! ஒரு இரும்பு பைப்பை வாங்கிக் கட்டிலுக்கு அடியில போட்டார். "இன்னொருத்தன் வரட்டும்... முடிச்சுடறேன்." இதெல்லாம் பின்னால அவரே என்கிட்ட சொன்னது.

சித்திரை மாசம். ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு, மத்தியானம் அசந்து தூங்கறார். சம்சாரம் துணியைக் காயப்போட்டு, மொளகாயைப் பரப்பிட்டு ரேஷன் கடைக்குப் போயிருக்கு. கோடை மழை இறங்குது. "மழேய்ய்!" இவர் காதுல விழல. விழுந்திருந்தாலும் என்னன்னு தெரிஞ்சிருக்காது. எங்க பழக்கத்தை அவருக்கு யாரும் சொல்லல. அது ஒரு பழக்கம்னு எங்களுக்கே தெரியாதே, எதைச் சொல்றது?

அதே லைன்ல நாலு வீடு தள்ளி இருந்த மருதாசலம், மழைக்குச் சாக்கை மடிச்சுத் தலையில கவுத்துக்கிட்டு, கொடியில இருந்த சேலையெல்லாம் அள்ளிக்கிட்டு, பின்கதவைத் தள்ளி உள்ள வர்றார். சவரிமுத்து கண்ணு முழிக்கிறார். என்ன தெரியுது? மூஞ்சி மூடின ஒருத்தன்... கை நிறைய சம்சாரத்தோட சேலை!

"யாரு?"ன்னு கேட்டாரா? கேக்கல. பைப்பை எடுத்து விட்டார் ஒண்ணு, தோள்பட்டையில. மருதாசலம் சேலையோட சுருண்டு விழுந்துட்டார். சவரிமுத்து மறுபடி ஓங்கினார். இந்தத் தடவை... தலைக்கு.

கீழ கிடந்த மனுஷன் என்னன்னு கத்தினார் தெரியுமா? "ஐயோ, அடிக்காதே"ன்னா? "என்னை விட்டுரு"ன்னா? இல்லீங்க...

"ஏனுங்... மொளகா நனையுதுங்! மொதல்ல அதை எடுங்!"

ஓங்கின கை அப்படியே நின்னுபோச்சு. எந்தத் திருடனுங்க உங்க வீட்டு மொளகா நனையுதேன்னு பதறுவான்?

சத்தம் கேட்டு நாங்க ஓடினப்போ, சவரிமுத்து அவர் தலையை மடியில வெச்சுக்கிட்டு, "கொன்னுருப்பேன்யா... உன்னைக் கொன்னுருப்பேன்யா"ன்னு தேம்பறார். மருதாசலம் வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டே, "யாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங். நானும் பேரைச் சொல்லிட்டு வந்திருக்கலாமுங்"ங்கறார். போலீஸ்காரர் வந்து கேட்டப்பவும் அதையேதான் சொன்னார்.

தோள் எலும்பு கூடற வரைக்கும் மருதாசலம் வீட்டுத் துணியை எடுத்தது சவரிமுத்துதான். வாசல்லயே நின்னு, "சவரிமுத்து வர்றேன்!"னு கத்திட்டுத்தான் உள்ள போவார். லைனே சிரிக்கும். அவரும் சிரிக்கப் பழகிட்டார். ஆனா ரிட்டையராகி ஊருக்குப் போற அன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார்: "வக்கீலய்யா, மொத அடியைக் கூட மறந்துட்டேன். அடிக்காத அந்த ரெண்டாவது அடி இருக்கு பாருங்க... அது இன்னும் கையிலயே இருக்கு. எறக்கி வைக்க முடியல."

ஏங்க? அந்த ரெண்டாவது அடி மருதாசலத்துக்கு ஓங்கினது இல்ல. தாலியை அறுத்துட்டுப் போனானே, அவனுக்கு ஓங்கினது.

இப்ப வக்கீலாச் சொல்றேன், கேட்டுக்கங்க. உங்க உசுருக்கோ உங்க வீட்டுல இருக்கறவங்க உசுருக்கோ ஆபத்துன்னா, திருப்பி அடிக்கலாம். வேற வழியில்லாம அடிச்ச அடியில அவன் செத்தே போனாலும் சட்டம் உங்களைக் கைவிடாது. ஆனா ஆபத்து இருக்கற வரைக்கும்தான் அந்த உரிமை. விழுந்துட்டான், ஓடறான், கும்பிடறான்னா... அங்கயே முடிஞ்சுது. அதுக்கு மேல விழற அடிக்குப் பேரு தண்டனை. அதைக் குடுக்கற அதிகாரம் உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல.

அந்தத் தம்பி எத்தனை தடவை அடிச்சார், எப்ப நிறுத்தினார், எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? ஜாமீன்ல வந்தும் அவர் இந்தக் கூட்டத்துக்கு வரல. பேனர்ல சிரிக்கறார்... வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கார். அடிக்காத அடியையே சவரிமுத்தால எறக்கி வைக்க முடியல. அடிச்ச அடியை இந்தப் புள்ள எங்கங்க கொண்டுபோய் எறக்கி வைக்கும்?

அந்த பேனரைக் கழட்டுங்க. கூட்டம் முடிஞ்சதும் யாராவது ரெண்டு பேர் அவர் வீட்டுக்குப் போங்க, சும்மா பக்கத்துல உக்காருங்க.

ஆனா வாசல்லயே நின்னு... பேரைச் சொல்லிட்டு உள்ள போங்க.