வலது பக்கத்துப் பொத்தான்கள்

வாத்து சுடுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாத்தைக் குறி பார்க்கக் கூடாது. அது வரப்போகிற இடத்தைக் குறி பார்க்க வேண்டும். என் தம்பிதான் கற்றுக்கொடுத்தான். நிஜ வாத்து இல்லை மேடம், பயப்படாதீர்கள். வீடியோ கேமில் வரும் தகர வாத்து.

நீங்கள் படிக்கட்டைப் பற்றித்தான் கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன். விளையாட்டைச் சொல்லாமல் படிக்கட்டை மட்டும் சொன்னால் உங்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

அந்த விளையாட்டில் ஒரு ராஜ்யம் உண்டு. அதை ஓர் அரக்கன் பிடித்து வைத்திருப்பான். நாம் வாளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சண்டை போட்டுப் போய் அவனைக் கொல்ல வேண்டும். போகிற வழியில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா வரும். வாத்து சுடும் கடை, வளையம் எறியும் கடை, நெருப்புக்கோழிப் பந்தயம், மீன் பிடிக்கும் குளம், பேய் வீடு, நடுவில் ஒரு பெரிய ராட்டினம். ஜெயித்தால் சீட்டு தருவார்கள்; சீட்டைக் கொடுத்துத் தொப்பி, குடை, கரடி வேஷம் எது வேண்டுமானாலும் வாங்கலாம். நாங்கள் அந்தப் பூங்காவைத் தாண்டவே இல்லை. "அரக்கன் இருந்துட்டுப் போகட்டும்கா. அவனும் ஒரு ஓரமா பொழைக்கட்டும்" என்பான் தம்பி.

அவன் கடைகளுக்குப் பெயர்ப் பலகை மாட்டும் வேலை செய்தவன். ஏணி சரிந்து விழுந்ததில் தலையில் அடி. உயிர் பிழைத்தான், வலது கையும் வலது காலும் செயலற்றுப் போயின. பேச்சு போகவில்லை. அது போயிருந்தாலாவது வீடு அமைதியாக இருந்திருக்கும் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. நான் அப்போது ஒரு கண்ணாடிக் கடையில் இருந்தேன். லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. அதை விட்டேன். கூட வேலை பார்த்த ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். அவரும் எத்தனை காலம்தான் காத்திருப்பார்? குறையாகச் சொல்லவில்லை. கீழ் வீட்டு அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இப்படி ஒரு அக்கா கெடைக்க உன் தம்பி குடுத்து வச்சிருக்கணும்மா" என்பார். அதைக் கேட்டாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

விரல்களுக்கு வேலை கொடுங்கள், ஏதாவது விளையாடட்டும் என்று டாக்டர்தான் சொன்னார். கன்ட்ரோலரைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். அவனிடம் இருந்தது இடது கை. அதனால் கட்டிலில் அவனுக்கு வலப்பக்கம் ஒட்டி உட்கார்ந்து, வலது பக்கத்துப் பொத்தான்களை நான் அழுத்துவேன். அவன் நடப்பான், நான் சுடுவேன். அவன் நெருப்புக்கோழியைத் திருப்புவான், நான் தாவ வைப்பேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு வேலியிலும் முட்டிக்கொண்டு குப்புற விழுந்தோம். போகப் போக, அவன் மூச்சை இழுத்தாலே என் விரல் தானாக அழுந்தும். ராட்டினத்தில் மட்டும் எதையும் அழுத்த வேண்டாம். உச்சிக்குப் போனதும் ராஜ்யம் முழுவதும் தெரியும். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருப்போம். நீ எங்கே சந்தோஷமாக இருந்தாய் என்று யாராவது என்னைக் கேட்டால், அந்த இடத்தைத்தான் சொல்வேன்.

அவன் வலது கைக்கு உயிர் வந்தது வாத்துக் கடையில்தான். நான் அழுத்துவதற்குள் அவன் கட்டைவிரல் பொத்தானில் இருந்தது. வாத்து விழுந்தது. "அக்கா, அது நான்" என்றான். அழுதான். நானும் அழுதேன். யாராவது பார்த்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பிறகு மளமளவென்று தேறினான். பயிற்சி கொடுக்க வருகிற பெண் அவனைச் சுவரைப் பிடித்து நிற்க வைத்தாள். கைத்தடியோடு நடக்க வைத்தாள். ஒரு நாள் நான் வழக்கம்போல் பக்கத்தில் உட்காரப் போனேன். "நீ போய்க் கொஞ்ச நேரம் படுத்துக்கோக்கா. நானே பார்த்துக்கறேன்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். நான் சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடியும் கழுவினேன்.

அந்தச் சமயத்தில்தான் நத்தை வந்தான். பூங்காவுக்கு இன்டர்நெட் வழியாக வேறு வேறு ஊர்க்காரர்களும் விளையாட வருவார்கள். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு பெயர் மிதக்கும். பந்தயத்தில் எப்போதும் கடைசியாக வருகிறவனின் பெயர் நத்தை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு தம்பியும் அவனும் பேசிப் பேசிக் கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள். நிஜத்தில் அவன் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவன். சக்கரத்தில் கோணல் எடுப்பது உட்கார்ந்தே செய்கிற வேலை, நான் சொல்லித் தருகிறேன், பட்டறைக்குப் பின்னால் ஓர் அறையும் இருக்கிறது, வந்துவிடு என்று கூப்பிட்டான். தம்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டான்.

"உன்னை விட்டுடறேன்கா" என்றான் என்னிடம். "என்னால உன் வயசு போச்சு. கடைக்குத் திரும்பிப் போ. யாரையாவது கட்டிக்கோ. நல்லா இரு."

"நீ இல்லாம நான் என்னடா பண்ணுவேன்?"

"தூங்கு" என்று சிரித்தான். "மத்தியானம் வரைக்கும் தூங்கு."

விளையாட்டில் எனக்கென்று தனியாக ஓர் ஆளை உண்டாக்கி வைத்திருந்தான். சேர்த்த சீட்டையெல்லாம் கொடுத்து அவளுக்கு ஒரு மஞ்சள் குடை வாங்கியிருந்தான். யார் எங்கே இருந்தாலும் சாயங்காலம் ராட்டினத்தில் சந்தித்துக்கொள்ளலாம் என்றான். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் என் பொத்தான்களை நானே இரண்டு கையாலும் அழுத்த வேண்டும்.

இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது என்றீர்களே, அந்த மாத்திரைக்கு வருகிறேன். தசை இறுக்கத்துக்காக டாக்டர் கொடுத்தது. படுக்கப் போகும்போது ஒன்று. சாப்பிட்டால் கைகால் துவளும், அதன் பிறகு எழுந்து நடக்க விடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். நான் காலைக் காப்பியிலும் ஒன்றைப் பொடித்துப் போட்டேன். அவ்வளவுதான். லென்ஸ் தேய்த்த கை. பொடி நைசாக வரும்.

முதல் நாளே அவன் கட்டைவிரல் பொத்தானில் நிற்கவில்லை. நெருப்புக்கோழி போய் வேலியில் முட்டியது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைக் கூப்பிட்டான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய் அவன் வலப்பக்கம் உட்கார்ந்தேன். அன்றைக்கு எல்லாப் பந்தயத்திலும் ஜெயித்தோம். அவன் சிரிக்கவில்லை, அது ஒன்றுதான் குறை.

பயிற்சிப் பெண் குழம்பிப்போனாள். டாக்டர் இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். தம்பி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டான். "வந்த கை திரும்பப் போயிடுச்சேக்கா" என்று சின்னப் பிள்ளைபோல் தேம்பினான். "போனாப் போகட்டும். நான் இருக்கேன்ல" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

நத்தை விடுகிற வழியாக இல்லை. "கை வரலைன்னா என்னடா? ஒத்தக் கையால வேலை செய்யற மாதிரி நான் ஒரு பிடி செஞ்சு தரேன், நீ வா" என்றானாம். தம்பி நிமிர்ந்துவிட்டான். நத்தையே வண்டியோடு வந்து அழைத்துப்போவதாக நாளும் குறித்துவிட்டார்கள்.

அந்தக் காலையில் எனக்கு முன்னால் எழுந்து, இடது கையால் தானே சவரம் செய்துகொண்டிருந்தான். தாடையில் ஒரு கீறல். காப்பி கொடுத்தேன். அன்றைக்கு மட்டும் இரண்டு மாத்திரை. ஒரு வாய் குடித்துவிட்டு, "கசக்குதுக்கா" என்றான். இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான். இனி என் கைக் காப்பி எப்போது கிடைக்குமோ என்றான்.

எங்கள் வீடு மேல் மாடியில். லிஃப்ட் கிடையாது. கீழே வண்டி வந்து ஹாரன் அடித்தது. மேலே வந்து கைத்தாங்கலாக அழைத்துப்போகிறேன் என்று நத்தை போனில் சொன்னான், தம்பி கேட்கவில்லை. தன் காலாலேயே இறங்கிப் போய் அவன் முன்னால் நிற்க வேண்டும் என்று ஆசை. கால் என்னவோ போல் இருக்கிறது என்று என்னிடம் சொன்னான், பயத்தில் அப்படி இருக்கும் என்று அவனே சமாதானமும் சொல்லிக்கொண்டான். "பின்னாலயே வாக்கா. விழுந்தா பிடிச்சுக்கோ."

நான் அவன் பையை எடுத்துக்கொண்டேன். சின்னப் பைதான். தோளில் மாட்டியிருக்கலாம். இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

படி திரும்புகிற இடத்தில் அவன் முழங்கால் மடங்கியது. வலது கை கைப்பிடிக் கம்பியைத் தேடிப் போய்ப் பிடித்தது. விரல்கள் நிற்கவில்லை. "அக்கா" என்றான். கத்தவில்லை. பக்கத்தில் இருக்கிறேனா என்று கேட்கிற மாதிரி சொன்னான்.

நத்தைதான் ஓடி வந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். ஓடி வந்தான் என்றா சொன்னேன்? இல்லை, விந்தி விந்தி வந்தான். அவனுக்கும் ஒரு கால் சூம்பியிருந்தது. தம்பிக்கு அது தெரிந்திருக்க வேண்டும், என்னிடம் சொல்லவில்லை. வண்டியில் தம்பி உட்காரும் இடத்தில் இரண்டு தலையணை போட்டு வைத்திருந்தான், வழியில் குலுங்காமல் இருக்க.

கால்தான் உடையும் என்று நினைத்தேன். உடைந்த கால் ஒட்டும். ஒட்டும் வரைக்கும் கட்டிலில் இருப்பான், அதற்குள் அந்தப் பையனும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வான் என்று கணக்குப் போட்டேன். கழுத்தை நான் யோசிக்கவில்லை.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள் மேடம். மாத்திரை போட்டது நான். விழுவான் என்று தெரிந்தே பின்னால் இறங்கியதும் நான். பிடித்திருக்கலாம், பிடிக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பையன் வெளியில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருக்கிறான் என்றீர்கள். வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். பாவம், நல்லவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தம்பியைப் பார்த்துக்கொள்வது அவனால் ஆகிற காரியம் இல்லை. என்றைக்காவது ஒரு நாள் அஜாக்கிரதையாக இருந்து, கீழே விழ விட்டிருப்பான்.