பட்டோடு படுத்திருந்த இசைத்தட்டுகள்

நரைத்த மீசையோடு நாற்பது ஆண்டுகளாக ராக் இசையை நேசித்துவரும் நடுவர் பரசுராமன் ஐயா அவர்களே! எனக்கு முன் பேசி என் நாற்காலியையே ஆட்டிவிட்டுப் போயிருக்கும் எதிரணித் தலைவர், ‘நெருஞ்சி’ குழுவின் கிதார்க் கலைஞர் ஜெபகுமார் அவர்களே! அந்தக் குழுவின் குரலாக ஒலிக்கும் அன்புச் சகோதரி லில்லி அவர்களே! தறியை நிறுத்திவிட்டுத் தமிழ் கேட்க வந்திருக்கும் தாய்மார்களே! ஏனாத்தூரிலிருந்து ஒரே வண்டியில் மூவர் மூவராக வந்து இறங்கிய கல்லூரிக் கண்மணிகளே! மூன்றாம் வரிசையில் முண்டாசோடு அமர்ந்திருக்கும் என் சித்தப்பா கைலாசம் அவர்களே! காஞ்சி ராக் ரசிகர் மன்றத்தின் காதுகளாகிய உங்கள் அனைவருக்கும், ‘ஆறாம் மேகம்’ குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் தினேஷின் மாலை வணக்கம்!

என்னப்பா? ‘மைக்க கிட்ட புடி’யா? பிடித்துவிட்டேன். கையில் குச்சி இல்லாவிட்டால் எனக்கு எதைப் பிடிப்பது என்றே தெரிவதில்லை.

பெரியோர்களே! இன்றைய வழக்கு என்ன? இசைத்தட்டு விற்பனை ஒரு குழுவின் புகழைச் சொல்லுமா, சொல்லாதா? சொல்லும் என்பது என் கட்சி. சொல்லாது என்பது ஜெபகுமார் கட்சி. பேச்சோடு போகிற வழக்கா இது? இல்லை! எந்தக் கட்சி வெல்கிறதோ அந்தக் கட்சியின் குழுவுக்குத்தான் இந்த ஆண்டு விழா மேடை. ஒரே மேடை, ஒரே மாலை. அதற்காக எங்கள் குழு இரண்டு ஆண்டுகளாக ஏங்கிக் கிடக்கிறது.

ஆளுக்கு இருநூறு தட்டுகள் அடித்தோம். எங்களுடையவற்றில் விற்றவை நூற்று எண்பத்தேழு. நெருஞ்சியுடையவற்றில் விற்றவை நாற்பத்து மூன்று. கைதட்டுங்கள், கைதட்டுங்கள்! பிறகு வருத்தப்படத்தான் போகிறீர்கள்.

ஜெபகுமார் கேட்டார்: ‘கைபேசியில் ஆயிரம் பேர் கேட்கிறார்களே, அது புகழ் இல்லையா?’ அதற்கு நான் ஒரு பதில் தீட்டி வைத்திருந்தேன். கைபேசியில் விரல் தவறிப் பட்டாலும் பாட்டு ஓடும். இசைத்தட்டை எவரும் தவறி வாங்குவதில்லை! தேடி வருகிறான், தொட்டுப் பார்க்கிறான், தூக்கிக்கொண்டு போகிறான். காசு கொடுத்து வாங்கிய காதல் அல்லவா அது! இப்படியெல்லாம் முழங்கலாம் என்றிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை வரை.

அன்று, மேடையில் உயர்த்திக் காட்ட ஒரு தட்டு வேண்டும் என்று சித்தப்பா வீட்டுக்குப் போனேன்.

‘சித்தப்பா, எங்க தட்டு ஒன்னு இருக்குமா?’

‘ஒன்னு இன்னாடா ஒன்னு?’ என்று மாடிக்கு அழைத்துப் போய்ப் பீரோவைத் திறந்தார்.

என் அன்பர்களே, நான் கண்ட காட்சியை என்னவென்று சொல்வேன்! அரக்குப் பட்டுக்கு அடியில் ஆறாம் மேகம்! மாம்பழப் பட்டுக்கு அடியில் ஆறாம் மேகம்! மயில்கழுத்துப் பட்டுக்கு அடியிலும் ஆறாம் மேகம்! எண்ணினேன். நூற்றைம்பது.

‘இதெல்லாம் யாரு வாங்குனது?’

‘நான்தான்பா. எங்கூடத் தறி போடுறவங்களாண்ட காசு குடுத்து வாங்கியாரச் சொன்னேன். சித்தப்பனே போயி வாங்குனா நல்லாவா இருக்கும்? நீ மேடை மேல நிக்கிறத நான் பாக்க வேணாமா?’

ஒரு தட்டை வீட்டுக்கு எடுத்து வந்து ஓடவிட்டேன். பட்டைப் பூச்சி அரிக்காமல் இருக்க வைக்கும் வசம்பின் வாசம் வந்தது, பாட்டு வரவில்லை. தட்டு வளைந்து போயிருந்தது. ஊசி ஏறி இறங்கியது. நான் அடித்த அடியெல்லாம் சர்வதீர்த்தக் குளத்துக்குள் இருந்து யாரோ அடிப்பது போல் மிதந்து மிதந்து வந்தது. திரும்ப ஓடிப்போய்ச் சொன்னேன்: ‘தகரக் கூரை ரூம் சூட்டுல இப்படிப் படுக்க வெச்சா வளைஞ்சிடும் சித்தப்பா. நிக்க வெக்கணும்.’

‘பட்ட யாருனா நிக்க வெப்பாங்களாப்பா? படுக்க வெச்சு மேல கனம் ஏத்துனாதான மடிப்பு நிக்கும்?’

சிரிக்காதீர்கள்! தனக்குத் தெரிந்த பொருள்களிலேயே உயர்ந்த பொருளான பட்டைப் போல என் பாட்டை அவர் பாதுகாத்திருக்கிறார். ஆனால் அந்த நூற்றைம்பதில் ஒன்றைக்கூட ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் என்னைக் குடைந்தது.

மனம் எங்கோ இருக்க, பிள்ளையார்பாளையத் தெருவில் நடந்தேன். நடுப்பகல். காயப்போட்ட பட்டு நூல் காற்றில் அசைகிறது. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். அதற்கு நடுவே ஒரு பாட்டு. லில்லியின் குரல்! ஒரு வீட்டைக் கடந்தேன், அதே பாட்டு. மூன்று வீட்டைக் கடந்தேன், அதே பாட்டு. அடி விழும் இடத்தில் தறியும் விழுகிறது. தறி விழும் இடத்தில் என் காலும் விழுகிறது. நான் நடக்கிறேனா, தெரு நடக்கிறதா? விழித்திருக்கிறேனா, கனவு காண்கிறேனா? பாட்டு முடிந்தபோதுதான் தெரிந்தது: எதிரணியின் பாட்டை நான் வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தேன்.

பாட்டு வந்தது ஒரே வீட்டிலிருந்து. தறிக்காரர் தையல்நாயகி அக்கா வீடு. திரும்பி வந்து உள்ளே எட்டிப் பார்த்தால், தட்டு தேய்ந்து சாம்பல் பூத்திருந்தது.

‘எப்பக்கா வாங்குன?’

‘தீவாளிக்குதான்பா. ரெண்டாவது பாட்டு தேஞ்சே பூட்ச்சு. பக்கத்து வூட்டுக்காரிய நீயும் ஒன்னு வாங்கேன்டின்னா, ‘எனுக்கு எதுக்குக்கா? உன்னுதே செவுரு வழியா நல்லா கேக்குது’ன்றா!’

அதோ, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாரே, அவர்தான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்!

நடுவர் அவர்களே! விற்றது ஒரு தட்டு. கேட்டது ஒரு தெரு. இது எந்த விற்பனைப் பட்டியலில் வரும்? விற்றவை நூற்றைம்பது, கேட்டவர் யாருமில்லை. இதை எந்தப் பட்டியல் சொல்லும்? என் நூற்று எண்பத்தேழில் அந்த நூற்றைம்பதைக் கழியுங்கள். மிச்சம் முப்பத்தேழு. நெருஞ்சிக்கோ நாற்பத்து மூன்று. என் கட்சிப்படி எண்ணினாலும் மேடை அவர்களுக்கே. அவர்கள் கட்சிப்படி கேட்டாலும் மேடை அவர்களுக்கே! ஜெபகுமார், லில்லி, விழா மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். என் குழுவினரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். ஒருவன் அழுதான். நானும்தான்.

‘டேய், இன்னாடா இப்டி சொல்லிட்ட?’ என்று எழுந்து நிற்கிறீர்களே சித்தப்பா, உட்காருங்கள். நான் மேடை மேல் நிற்பதைப் பார்க்கத்தானே ஆசைப்பட்டீர்கள்? பாருங்கள். இதோ நிற்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எங்கள் பாட்டை நீங்கள் ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா? ‘என்னாண்ட ஏதுப்பா பாட்டுப் பெட்டி?’ என்கிறார். நாளைக் காலை பெட்டியை நான் தூக்கி வருகிறேன். வளைந்த தட்டானாலும் சரி, தறிமேடையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேட்போம். ஆறாம் மேகத்துக்கு அன்று ஒரு ரசிகர் கூடுவார். அந்த ஒருவரை நான் எண்ணிக்கொள்வேன்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், சிரித்துக்கொண்டே கண் துடைத்த தாய்மாருக்கும், மணி அடித்து நிறுத்தாமல் பேசவிட்ட நடுவருக்கும் என் நன்றி. உங்கள் வீட்டுச் சுவர்கள் என்றும் மெலிந்தே இருக்கட்டும்! வணக்கம்.