குழாய் மேல் வைத்த கை

முடிந்தால் அந்த மின்விசிறியை அணைத்துவிடுங்கள், ஐயா. ஓர் இறக்கை வளைந்திருக்கிறது, அதனால்தான் கடகடவென்று அடித்துக்கொள்கிறது. எழுதுகிறவருக்குப் புழுக்கமாக இருக்கும் என்றால் ஓடட்டும், பரவாயில்லை. நான் சத்தத்திலேயே வேலை பார்த்தவன்.

ரயில் நிலையத்தில் பராமரிப்பு மேற்பார்வையாளன் நான். காலையில் உள்ளே நுழைந்தால் ஒலிபெருக்கி, எஞ்சின், தள்ளுவண்டி, அழுகிற குழந்தை, அதட்டுகிற அப்பா என்று காது ஓயாது. அங்கே அமைதியான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நடைமேடைகளுக்கு அடியில் பழைய தபால் சுரங்கம். ரயிலில் வரும் தபால் மூட்டைகளைக் குட்டி வண்டிகளில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போவதற்காக வெட்டியது. தபால் லாரிக்கு மாறியதும் பூட்டிவிட்டார்கள். சாவி என்னிடம். மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கீழே போவேன். கடைக்கோடியில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு வைத்திருந்தேன். தலைக்கு மேல் ரயில் போனால்கூட லேசாக அதிரும், அவ்வளவுதான். ஊசி விழுந்தால் கேட்கும். அந்த அரைமணி நேரத்தை நினைத்துத்தான் மீதி நாளை ஓட்டினேன்.

என் மைத்துனனைப் பற்றிக் கேட்டீர்கள். மனைவியின் தம்பி. வேலை தேடி ஒரு வாரம் தங்கிக்கொள்கிறேன் என்று வந்தவன், வருடக்கணக்கில் தங்கிவிட்டான். என் குழுவிலேயே அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். நல்ல பையன், அதில் பொய் சொல்லமாட்டேன். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன். ஆனால் வாயைத் திறந்தால் மூடமாட்டான். நிலையத்தில் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக் கதவைக்கூட மற்றவர்களைப் போலத் தட்டமாட்டான். மெதுவாக இரண்டு, உடனே வேகமாக மூன்று. அதைக் கேட்டதும் என் மனைவி அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள்.

சாப்பிட உட்கார்ந்தால் என்னைத்தான் வம்புக்கு இழுப்பான்.

"ஏன் மாமா, பேசுறதுக்கு உங்களுக்கு மட்டும் தனியா வரி போட்டிருக்காங்களா?"

"சாப்பிடுறப்ப அவரைக் கிண்டல் பண்ணாதடா, புரை ஏறிடும்" என்பாள் அவள். "அவருக்கு இல்ல, எனக்கு."

பிறகு இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். அவள் என்னோடு அப்படிச் சிரித்ததில்லை. அது எனக்கு வலித்தது. ஆனால் ஒரு நாளும் முகத்தில் காட்டிக்கொண்டதில்லை, தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். மதியம் சுரங்கம் இருக்கிறதே என்று இருந்தேன்.

சுரங்கத்தின் கூரையில் விரிசல் விட்டது. மேலே நடைமேடை இறங்கத் தொடங்கியதால், சிமென்ட் கூழை உள்ளே பாய்ச்சி முழுவதையும் நிரப்பிவிடுவதென்று முடிவு செய்தார்கள். சரியான முடிவுதான், நான் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. அந்த இடமும் இல்லையென்றால் எனக்கு மிச்சம் வீடு ஒன்றுதான். வீட்டில் அவன் இருந்தான். இதில் கோபம் ஏதும் இல்லை, ஐயா. உள்ளதைச் சொல்கிறேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் எண் போட்ட ஒரு பித்தளை வில்லை. கீழே இறங்குகிறவன் அதை இரும்புக் கதவுக்கு வெளியே கொக்கியில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். வில்லை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது, கதவை மூடக்கூடாது. ரேடியோ தன் வில்லையை ஒழுங்காகக் கொண்டுவந்த நாளே கிடையாது. என் சட்டைப் பையில் கைவிட்டு என்னுடையதை எடுத்து மாட்டிவிடுவான். திட்டினால், "ஒரே வீடு, ஒரே வில்லை. யாருது தொங்கினா என்ன மாமா?" என்பான். எத்தனையோ தடவை கண்டித்திருக்கிறேன். என் குழுவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அன்றைக்குக் கலவை இயந்திரம் வந்து நின்றது. குழாயைக் கதவுக்குப் பக்கத்துத் துளை வழியாக உள்ளே விட்டிருந்தார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கடைக்கோடியில் என் நாற்காலி கிடப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"நாற்காலிய எடுத்துட்டு வந்துடுடா."

"ஒரு ஓட்டை நாற்காலி மேல இவ்ளோ பாசமா! அக்காவுக்குத் தெரியுமா மாமா?"

என் பையிலிருந்து வில்லையை எடுத்து மாட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினான். அனுப்பும்போது என் மனதில் எதுவும் இல்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நேரத்தில் கலவை மேஸ்திரி வந்தார்.

"வில்லை தொங்குதே சார். கீழ யாரு?"

எண்ணைப் பார்த்தேன். என் எண்.

"என்னோடதுதான். நான்தான் இங்க நிக்கிறேனே."

வில்லையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவர் சிரித்துவிட்டு, "அப்ப மூடிடலாமா?" என்று கேட்டார். மூடுங்கள் என்றேன். அந்தக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. ஆனால் மறுமுனையில் ஓர் ஏணி உண்டு, அதில் ஏறி வந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஏணிக்கு மேலே இருந்த மூடியை முந்தின வாரம் நான்தான் பக்கத்தில் நின்று பற்றவைத்து அடைக்கச் செய்தேன். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

இயந்திரம் ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அதனால் ஓர் ஆள் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே நிற்க வேண்டும். எங்காவது அடைத்தால் கையில் தெரியும். கீழே ஆள் வேலை செய்கிற நாட்களிலும் இதே முறைதான், நிறுத்தச் சொல்ல வேண்டுமானால் அவர்கள் குழாயைத் தட்டுவார்கள். "நான் புடிச்சுக்கிறேன் சார், நீங்க போய் டீ குடிங்க" என்றார் மேஸ்திரி. வேண்டாம் என்றேன். பொறுப்பு என்னுடையது. கடைசி வரை கையை எடுக்கவில்லை.

அன்று வீட்டில் பேச்சே இல்லை. நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

"தம்பி எங்கங்க?"

"மத்தியானமே கெளம்பிட்டான். யாரோ கூட்டாளியப் பாக்கணுமாம்."

முதல் சில நாட்கள் அவள் பதறவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஊர் சுற்றுகிறவன்தான். "வாயுள்ள பிள்ளை பொழச்சுக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு உங்களிடம் வந்து புகார் கொடுத்தாள். அதன்பின் வாசல் கதவைத் திறந்தே போட ஆரம்பித்தாள். அசந்து தூங்கிவிட்டால் அவன் தட்டுவது கேட்காமல் போய்விடுமாம். மூடினால் எழுந்து வந்து மறுபடி திறக்கிறாள். தெருவில் போகிற வண்டி, குரைக்கிற நாய், யார் வீட்டுச் சண்டையோ, எல்லாம் நேராக என் படுக்கைக்கு வருகிறது. எத்தனை நாள் பொறுப்பது? அதனால்தான் நானாகவே வந்து சொல்கிறேன். நீங்கள் அவளிடம் சொல்லிவிட்டால் கதவை மூடிக்கொள்வாள். சுரங்கத்தை உடைக்க வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். அவன் இருக்கிற இடம் அமைதியான இடம். எனக்குப் பிடித்த இடம்.

உள்ளே இருப்பது அவன்தான் என்று தெரிந்தே நின்றேனா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். குழாயில் காற்று அடைத்தாலும் தட்டும், ஐயா. முதலில் அப்படித்தான் நினைத்தேன். முதலில் வந்தது முறையான தட்டல்கூட இல்லை, கண்டபடி அடித்தான். பிறகு, நான்தான் மேலே நிற்கிறேன் என்று தெரிந்துகொண்டானோ என்னவோ, நிதானமாகத் தட்டினான். மெதுவாக இரண்டு, உடனே வேகமாக மூன்று. நெடுநேரம் அதே மாதிரி. சத்தம் துளியும் இல்லை, என் உள்ளங்கையில் மட்டும்.

ஆனால் அந்தத் தட்டலுக்கு எழுந்து போய்க் கதவைத் திறப்பது எப்போதும் அவள்தான், ஐயா. நான் ஒரு நாளும் திறந்ததில்லை.