பெல்ட் ஓடாத தோப்பு

குறிஞ்சிப்பாடி பேருந்தில் எனக்கு முன்னால், சாரணர் சட்டை போட்டவர் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டிக் கிழித்துக்கொண்டே பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“சத்தமே இல்லங்க, அதான் பயந்துட்டேன்.”

“முகாம்லயா?”

“ஆமாங்க. பசங்கள ராத்திரி தங்கவைக்க நான் லாயக்கான்னு பார்க்கத்தான் காடாம்புலியூர் முந்திரித் தோப்புல முகாம். திடீர்னு முழிச்சா ஒரே அமைதி. நம்ம மைன்ஸ்ல நிலக்கரி கொண்டுபோற பெல்ட் சத்தம் நின்னா ஏதோ ஆபத்துதானே? தூக்கக் கலக்கத்துல ‘எல்லாரும் வெளிய ஓடுங்க’ன்னு கத்திட்டேன்.”

“ஐயோ! பசங்க?”

“ராத்திரி பகலா பெல்ட் சத்தத்துலயே வளர்ந்த மைன்ஸ் குவார்ட்டர்ஸ் பசங்கதானே. அவனுங்களும் சத்தமில்லாம தூக்கம் வராம முழிச்சிகினுதான் இருந்தானுங்க.”

“அப்புறம் என்னங்க, பாஸ் போட்டுடுவாங்க.”

“பாஸ் போடவேண்டியவரு கடலூர்க்காரருங்க. நான் கத்துற வரைக்கும் அவரு ஒருத்தர்தான் நல்லாத் தூங்கிகினு இருந்தாரு.”